மதுவின் மஞ்சள் மேசை

பாசமுள்ள சாந்தி அக்கா,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து பைக்கைத் துடைக்கப் போகிறேன். மதுவுக்குத் தலை வாரும்போதே குழாயை மூடினேனா என்று ஓடுகிறேன். "ஒரு பக்கம்தான் வாரிக்கீற மாமா" என்று உன் மகள் சீப்போடு பின்னாலேயே வருகிறாள்.

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. போன மாதம் மதுவின் அப்பா ஓசூரிலிருந்து போன் செய்தார். நீங்கள் பிரிந்த பிறகு வருடத்துக்கு ஒரு தடவை பேசுகிற மனிதர்.

"பொண்ணுக்குப் பத்து வயசாவுது. நீ ஒண்டிக்கட்ட. உன் ஊட்ல அவ உக்காந்து படிக்க ஒரு எடமாவது கீதா? ஞாயித்துக்கெழம வரேன். சரியில்லன்னா கூட்டினு போய்டுவேன்" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? முத்தாபுதுப்பேட்டை வீட்டின் சின்ன அறையில் பாதியை என் பழைய சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் மது தரையில் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே நசரத்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்றுக்குப் போனேன். ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட மேசை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே சாம்பல் நிற மைக்கா. ஒரு மூலை தண்ணீர் பட்டு உப்பியிருந்தது. அந்தக் கடையிலேயே மலிவானது அதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு ரோஸ் பெயிண்ட் வாங்கி அடித்துவிட்டேன். பெண் குழந்தை, ரோஸ். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. பிரைமர் பூசவில்லை. இத்தனைக்கும் அம்பத்தூரில் நான் செய்வதே பெயிண்ட் வேலை. தினமும் இரும்புச் சட்டங்களைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் வண்ணம் ஏற்றுகிறோம். புதிதாக வருகிறவர்களிடம், "பிசுக்கு மேல அடிச்சா நாளைக்கே உரிஞ்சிக்கும்" என்று கத்துகிறவனே நான்தான். எனக்கு நான் கத்திக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த அறை ஓர் அறை மாதிரி ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

பள்ளியிலிருந்து வந்த மது மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "எனக்கு ரோஸ் புடிக்காதுன்னு அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் கேட்காத மாதிரி பிரஷைக் கழுவினேன்.

சொன்னபடி அவர் வந்தார். அறையைப் பார்த்தார். குடித்த தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். திரும்ப எடுத்தபோது டம்ளரின் அடியில் வட்டமாக ரோஸ் தோலும் கூடவே வந்தது. அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"துணிமணிய எடுத்து வெச்சிக்கோ மது" என்றார் மெதுவாக.

மது அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் நேராக மேசையிடம் போய், உரிந்த இடத்தில் நகத்தை விட்டு ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்டை இழுத்து எடுத்தாள்.

"இது இன்னும் முடியலப்பா. நானும் மாமாவும் இத சொரண்டிட்டு வேற கலர் அடிக்கப்போறோம். பாதில உட்டுட்டு எப்டி வர்றது?"

நாங்கள் அப்படி எதுவும் பேசிவைத்திருக்கவில்லை.

அவர் உரிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சரி, முடி. பரீட்சை லீவுக்கு வரேன்" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் கேட்டார்: "தனியா கீறப்ப அழுவுறாளா?"

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் தெரிந்திருக்கும், இல்லையா? அவர் போன பிறகு மொட்டைமாடிக்கும் வாசலுக்குமாக நான் எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கில்லை.

அடுத்த வாரம் நிறத்தை மதுவே சொன்னாள். ஆட்டோ மஞ்சள். தினமும் நீ வேலைக்குப் போன ஷேர் ஆட்டோவின் மஞ்சள்தானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பெயிண்ட் கடைக்காரர், "எந்த வருஷ வண்டி அண்ணாத்தே?" என்றார். மேசைக்கு என்றதும் மதுவைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு.

வாசலில் மேசையைப் போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிராகத் தேய்த்தோம். தலையை நிமிர்த்தாமலே அவள் கேட்டாள்:

"மாமா, அம்மாவுக்கு ஜுரம் வந்தப்போ அன்னிக்கே ஏன் நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவல?"

எட்டு மாதமாக எந்தக் கேள்விக்குப் பயந்து வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேனோ, அதேதான். எழுந்து போய்விடலாம் போலிருந்தது. கையெல்லாம் மைக்காத் தூள்.

"சாதா ஜுரம்னு நெனச்சேன் மது. கம்பெனில ஓவர்டைம் இருந்துச்சு. மூணாவது நாளுதான் வந்து பாத்தேன். தப்பு பண்ணிட்டேன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எங்கிட்டயும் அம்மா சாதா ஜுரம்னுதான் சொல்லிச்சு. நான் ஸ்கூலுக்குப் போய்ட்டேன்."

அக்கா, இந்தச் சுமையை அந்தக் குழந்தையும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். நான் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உம்மேல ஒரு தப்பும் இல்லடா" என்றேன்.

"அப்போ உம்மேல?"

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயாவது சொல்லேன். அவள் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

உப்பின மூலையைச் சீவி, பள்ளத்தைப் பட்டி மாவால் அடைத்து, பிரைமர் பூசி, மஞ்சள் ஒரு கோட் அடித்தோம். நன்றாகவே வந்தது. நான்தான் விடவில்லை. பிரஷ் கோடு தெரிகிறது என்று தேய்த்து இரண்டாவது கோட். தூசி ஒட்டியிருக்கிறது என்று மூன்றாவது. கால்களுக்குத் தனியாக ஒன்று. அதற்குள் பரீட்சையே நெருங்கிவிட்டது. மது இன்னும் தரையில்தான் படித்துக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் மறுபடியும் உப்புத்தாளோடு உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் எதுக்கு மாமா தேய்க்கிற?"

"வழவழன்னு வரட்டும்."

"முடிஞ்சா அப்பா என்னக் கூட்டினு போய்டுவாருன்னு பயப்படுறியா?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். லீவுக்குப் போய்ட்டு வரேன்னு. போய்ட்டு, வரேன்னு. புரியுதா? அத கீழ போடு. எனக்கு உக்காரணும்."

உன் குரல்தான் அக்கா, அப்படியே. போட்டுவிட்டேன்.

இன்று காலை மேசை அவள் அறைக்குள் போய்விட்டது. ஜன்னல் பக்கமாகப் போடச் சொன்னாள், போட்டேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பரீட்சை அட்டவணையை, பசையைத் தாராளமாகத் தடவி, புது மஞ்சள் மேலேயே நடுவில் ஒட்டிவிட்டாள். நான் உப்புத்தாளைத் தேடிப் போகாமல் வெளியே வந்துவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன்னுடைய அந்த மூன்று நாளைப் பற்றி அவள் எத்தனை தடவை கேட்டாலும், எதையும் மறைக்காமல் சொல்வேன். லீவுக்கு நானே ஓசூர் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டு, நானே போய் அழைத்து வருவேன். அங்கே போன பிறகு அவளுக்கு அப்பாவோடு இருக்கத் தோன்றினால், அதையும் கேட்டுக்கொள்வேன். இந்தக் கடைசி ஒன்று மட்டும் கஷ்டம் அக்கா. ஆனாலும் செய்வேன்.

உன் தம்பி,
மதுவுக்குத் தாய்மாமன்,
குமார்