தூணுக்குப் பின்னால் இருந்த இருட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாளா?

இந்த வாரம் கம்ப்யூட்டர் வகுப்பில், வானம் பளிச்சென்றும் தரை இருட்டாகவும் விழுந்த போட்டோவைத் திருத்தச் சொன்னார்கள். நான் விடுதிக்குக் கிளம்பிய காலையில் பஸ் ஜன்னல் வழியாக எடுத்த படத்தை எடுத்துக்கொண்டேன். அதில் வானம் அழகு. நிழற்குடைக்குள் நின்று கையசைத்த அம்மாதான் வெறும் கறுப்பு. பாடக்குறிப்பை மூன்று முறை படித்துவிட்டு, மொத்தப் படத்துக்கும் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டேன். அம்மா தெரிந்தாள், வானம் காணாமல் போனது.

“அடியே புத்தகப்புழு, வானத்துக்கே சுண்ணாம்பு அடிச்சிட்டியே!” என்று பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள். “மேல கை வைக்காத. கீழ மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து.”

அப்படியே செய்தேன். அம்மாவின் சேலையில் பூக்கள் தெரிந்தன. பிறகு நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் ஒரு செருப்பு, நீலக் கட்டம் போட்ட சட்டை, கடைசியில் நீங்கள்.

“இவ்வளவு தூரம் போய்ப் படிக்கணுமா? நான் வழியனுப்ப வரமாட்டேன்” என்றீர்களே, அப்பா! மூன்று மாதமாக நீங்கள் போனில் பேசாததைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். ஏன் கண் கலங்குகிறது என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள். திரை கூசுகிறது என்றேன்.

என் தலையணை உறையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை போய்விடும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. விடுமுறைக்கு நான் வந்து இறங்கும்போது, தூணுக்கு முன்னால் நில்லுங்கள்.

உங்கள் வாயாடி