கத்தப் பழகும் நூலகர்

மார்ச் 3, செவ்வாய்

என் மனைவிக்குக் காது மந்தமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் "என்ன?" என்கிறாள். மறுபடி சொன்னால் "சரி சரி" என்று எதற்கோ தலையாட்டுகிறாள். காது டாக்டரிடம் போகலாம் என்றேன். அதுவும் காதில் விழவில்லை.

மார்ச் 6, வெள்ளி

போய் வந்தோம். இவளுக்குப் பாம்புக் காதாம். டாக்டர் என் பக்கம் திரும்பி, "உங்க குரல்தான் சார் தேஞ்சு போச்சு. பார்க்கின்சன்ல இதுவும் வரும்" என்றார். கை நடுங்குவது போதாதா? வழியெல்லாம் இவள் வாயே திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவாளே.

மார்ச் 11, புதன்

பார்க்கின்சன்காரர்களுக்கான பயிற்சி வகுப்பு. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து, "ஆ—" என்று கத்த வேண்டும். ஆயுள் முழுக்க நூலகத்தில் "உஷ்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். பக்கத்து நாற்காலி லாரி டிரைவர் கத்தியதில் ஜன்னல் அதிர்ந்தது. பயிற்சி தரும் பெண் என்னிடம் வந்து, "ஐயா, இது லைப்ரரி இல்ல" என்றாள். போட்டுக்கொடுத்தது யாரென்று தெரியும். என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18, புதன்

கத்தினேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. "இப்பதான் ஐயா சாதாரணமா பேசுறீங்க" என்கிறாள் அந்தப் பெண். எனக்குக் கத்தலாகப் படுவதுதான் மற்றவர்களுக்குப் பேச்சாம். இந்த நோய் அப்படியும் ஏமாற்றுமாம். வகுப்பில் சரி. வீட்டில் இவளிடம் எப்படிக் கத்துவது? கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பழையபடி முணுமுணுப்புதான்.

மார்ச் 27, வெள்ளி

மகள் போன் செய்தாள். "அப்பா நல்லா இருக்கார்" என்று இவளே சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்கிட்ட குடுக்கலன்னு கேட்டேன். கேட்டேனா? இவள் திரும்பவே இல்லை. "என்ன, என்ன"ன்னு கேட்டு அலுத்துப்போச்சா இவளுக்கு? இப்படியே என்னிடம் பேசுவதையே விட்டுவிடுவாளோ — பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

இவள் சமையலறையில், நான் கூடத்தில். வகுப்பில் கத்துவதுபோலவே கத்தினேன்: "என் கண்ணாடிய எங்க வச்ச?"

உள்ளேயிருந்தே பதில் வந்தது. "நான் எதுக்கு உங்க கண்ணாடிய வைக்கணும்?"

"நீதான துடைச்ச?"

"அது நேத்து."

அங்கே பிடித்தது, போன வருஷம் நான் தொலைத்த குடை, நல்ல காதை டாக்டரிடம் காட்டவைத்தது என்று எல்லாம் வரிசையாக வந்தது. நானும் விடவில்லை.

காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண், முகமெல்லாம் கவலை. "ஏதாவது பிரச்சினையாக்கா?"

இவள் கரண்டியும் கையுமாக நின்று சொன்னாள்: "ஒண்ணுமில்லம்மா. பேசிக்கிட்டிருக்கோம்."