கடல் காற்றுக்குப் பொட்டு வைத்த நாள்

அண்ணா,

இன்று காலை காலேஜ் லேபில் சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்து, கண்ணாடிக் குழாயால் அதற்குள் ஊதச் சொன்னார்கள். தெளிவாக இருந்த தண்ணீர் நாலே மூச்சில் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. நம் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாம். பக்கத்தில் நின்ற பெண் இன்னும் ஊதிக்கொண்டே இருந்தாள். "எப்படிடி அதுக்குள்ள முடிச்ச?" என்றாள். "எனக்கு முன் அனுபவம் இருக்குது" என்றேன். என்ன அனுபவம் என்று சொல்லவில்லை. அது உனக்குத் தெரியும்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலையில் நீ படுத்ததும் போனதும் மேற்குக் கடற்கரையில், உன் லேப் இருந்த ஊரில். ரயில் பிடித்து நாங்கள் வந்து சேர்ந்தபோது நீ பேசுகிற நிலையில் இல்லை. அப்போது சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். அழுகைக் கடிதம் இல்லை, பயப்படாதே. அழுதால் தாள் நனையும், எழுத்து மிதக்கும், இதையும் நீ கடல் ஆராய்ச்சியில் சேர்த்துவிடுவாய்.

நீ அந்தக் கடல் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தபோது நம் வீட்டில் யாருக்கும் அது பிடிபடவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற சாலையில், முன்னால் அப்பாவின் சைக்கிள் கடை, பின்னால் நம் வீடு. கடைக்கு வருகிறவர்கள் "பெரியவன் என்ன பண்றான்?" என்று கேட்டால் அப்பா பம்பை நிறுத்தாமலே சொல்வார்: "நான் காத்து அடிக்கிறேன். அவன் கப்பல்ல போய்க் காத்தைப் புடிக்கிறான்." நடுவில் நான் புகுந்து, "நான் காத்தா பறக்கறேன்" என்பேன். "நீ காத்தா பறக்கல, வாலா ஆடற" என்று முடித்து வைப்பது நீதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நீ வந்தாய். கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்திருந்தது. வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் எட்டுக் கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கண்ணாடித் திருகு, வயிற்றில் ஒரு நம்பர். உள்ளே நடுக்கடல் காற்று. பூஜை முடிந்த மறுநாள் அவற்றோடு நீ லேபுக்கு ரயில் ஏற வேண்டும்.

பூஜை அன்று காலையில் நீ குளிக்கப் போயிருந்தபோது அம்மா பெட்டியைத் திறந்துவிட்டாள். அப்பாவின் ஸ்பேனர், பம்பு, தையல் மெஷின், என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் உன் எட்டுக் குடுவைகளும் வரிசையாக உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஈரத் தலையோடு வந்த நீ அப்படியே நின்றுவிட்டாய்.

"அம்மா, திருகைத் திருப்பினியா?"

"நான் எதுக்குப்பா திருப்பறேன். கழுத்துல பொட்டு வச்சேன். இதான உனக்கு ஆயுதம்?"

குனிந்து பார்த்தாய். திருகும் கழுத்தும் சேர்கிற இடத்தில், இரண்டையும் தொட்டுக்கொண்டு, கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு. எட்டிலும் அப்படியே. சிரித்துவிட்டு, "கடல் காத்துக்குக் காஞ்சிபுரத்துல பொட்டு" என்றாய்.

பூஜைக்கு வைத்த எதையும் மறுநாள் வரை தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அன்று பஞ்சர் என்று யார் வந்தாலும் நடந்துதான் போக வேண்டும். ஆனால் பூஜையில் வைக்காத ஆயுதம் ஒன்று வீட்டில் இருந்தது, அது நான்தான். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்ட களைப்பில் படுத்திருந்தபோது, கைக்கு வந்த ஒரு குடுவையை எடுத்துத் திருகினேன். கடல் வாசனை வரும் என்று மூக்கை வைத்தேன். ஒன்றும் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்த காற்று சும்மா திரும்பக்கூடாது என்று உள்ளே ஒரு ஊது ஊதி, மூடி வைத்துவிட்டேன். என் மூச்சு டிக்கெட் இல்லாமல் உன் லேபுக்குப் போகும், மெஷின் திணறும், உன் ப்ரொபசர் தலையைச் சொறிவார். நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சாயங்காலம் நீ பொரியைக் கொறித்துக்கொண்டே நோட்டைத் திறந்தாய். கட்டம் போட்ட தாளில், முன்பு அளந்த ஒவ்வொரு குடுவைக்கும் ஒரு பென்சில் புள்ளி.

"காத்து எங்க புடிச்சாலும் காத்துதான அண்ணா? அதுக்கு எதுக்குக் கப்பல்?" என்றேன், சும்மா ஆழம் பார்க்க.

"இங்க லாரி ஓடுது, அடுப்பு எரியுது, நீ வேற பேசிக்கினே இருக்கிற. நடுக்கடல்ல இதெல்லாம் இல்ல. உலகத்துப் புகையில இருக்கிற கரியமில வாயுவையெல்லாம் கடல் முழுங்கிடும்னு ரொம்ப நாளா நம்பிக்கினு இருந்தாங்க. அது அவ்ளோ வேகமா முழுங்கல. எவ்ளோ தண்ணிக்குள்ள போவுது, எவ்ளோ மேலயே நிக்குது, அதான் எங்க ப்ரொபசரோட கேள்வி."

பிறகு குடுவையில் காற்று பிடிப்பது எப்படி என்று எழுந்து நின்று செய்து காட்டினாய். மூச்சை இழுத்துப் பிடித்து, காற்று வருகிற பக்கம் திரும்பி, கையை நீட்டித் திருகுவதுபோல. "யாரோட மூச்சாவது கொஞ்சம் உள்ள போனாலும் போதும், அந்தப் புள்ளி பொய். இந்த எட்டும் சுத்தமா இருந்தா அடுத்த கப்பல்ல என்னை ஏத்தறேன்னு சொல்லியிருக்கார்."

என் வாயில் இருந்த பொரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. எந்தக் குடுவை என்று மனதுக்குள் தேடினேன். நம்பரை நான் பார்க்கவே இல்லை. விளக்கு ஏற்ற இடம் போதவில்லை என்று அம்மா அதற்குள் வரிசையையும் மாற்றிவிட்டாள். சொன்னால் எட்டும் சந்தேகம். சொல்லாவிட்டால் என் மூச்சு நடுக்கடல் காற்றாகி உன் தாளில் ஒரு புள்ளியாக உட்காரும், நீ அதை நம்புவாய். அன்று நான் வாயே திறக்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் நீ வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாய். அம்மா ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்து ஒவ்வொரு குடுவையாக உன்னிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதை அவள் எடுத்தபோது சொல்லிவிட்டேன். "அண்ணா, ஒண்ணுல நான் ஊதிட்டேன்."

அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். நீ மட்டும் ஒரே ஒரு வார்த்தை கேட்டாய்.

"எது?"

"தெரியல."

நீ என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாய். "துடைக்காதமா, நிறுத்து." மிச்சம் இருந்த ஆறையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கழுத்தைக் கண்ணருகே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாய். காய்ந்த சந்தனம் முழுசாக இருந்தது. அடுத்ததிலும் முழுசு. அதற்கடுத்ததிலும். நாலாவதிலும் முழுசுதான். துடைத்துவிட்ட இரண்டில் ஒன்றாக இருந்துவிட்டால் என்று பயந்தேன். ஐந்தாவதில் பொட்டு நடுவே பிளந்து, பாதி கழுத்திலும் பாதி திருகிலும் விலகி நின்றது.

"இதான்" என்றாய். பெரிதாக ஒரு மூச்சு விட்டாய், குடுவைகளுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி.

அப்பா பொறுக்கவில்லை. "ஏன்டி பண்ண? கை சும்மா இருக்காதா உனக்கு?"

"விடுபா. பஞ்சர் எந்த வீல்லன்னு தெரிஞ்சிபோச்சில்ல" என்றாய். அவருடைய பாஷையிலேயே சொன்னதும் அவர் பம்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நோட்டை எடுத்து அந்த நம்பருக்கு எதிரே என்னையே எழுதச் சொன்னாய். "திறக்கப்பட்டது, கணக்கில் சேர்க்கவேண்டாம்" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு மட்டும் என் கையெழுத்து அழகாக வந்தது.

ஏழு புள்ளிகளோடு போய் நீ அடுத்த கப்பலிலும் ஏறினாய். அங்கிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்தாய்: "இப்போது எல்லாத் திருகிலும் ஒரு சொட்டு மெழுகு வைக்கிறோம். யார் திறந்தாலும் தெரிந்துவிடும். யோசனை யாருடையது என்று ப்ரொபசர் கேட்டார். பாதி என் அம்மாவுடையது, பாதி என் தங்கையுடையது என்றேன். அவருக்குப் புரியவில்லை."

அண்ணா, என்னை ஏன் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். டீச்சர், அப்பா, பக்கத்து வீட்டு மாமி. ஏன் என்று கேட்டால் எனக்குப் பத்துப் பொய் சட்டென்று வரும், பத்தும் சிரிக்க வைக்கும். எது என்று கேட்டது நீ ஒருவன்தான். அதற்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நன்றி என்று உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் "உடம்பு சரியில்லியா?" என்று கேட்டிருப்பாய், அதனால்தான் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

இப்போதும் ஏதாவது செய்துவிடுகிறேன். போன வாரம் லேபில் என் அளவு தப்பாக வந்தது. பக்கத்துப் பெண் தன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னாள். தப்பான அளவையே எழுதி, எந்த இடத்தில் கை தவறியது என்றும் எழுதிக் கொடுத்தேன். மார்க் குறைந்தது. மேடம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை வரைக்கும் இப்போது நான் காத்திருப்பதில்லை. செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

சேட்டையை விட்டேனா என்று கேட்காதே. நீ அதை என்னிடம் கேட்டதே இல்லை.