மான் கையை நீட்டாது

காலடிப்பேட்டை,
12-11-1953

அன்பு மகள் தேவப்பிரியத்துக்கு அப்பா எழுதுவது. தேவமாதா தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நாகபுரியில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

பங்களாவில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷம் அந்தப் புள்ளிமான்களுக்குத் தழை போட்டவன், இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மானுக்கும் கண்ணிமை உள்பக்கம் வெளுத்துவிட்டது, வயிற்றில் பூச்சி, மருந்து கொடுங்கள் என்று நான் சொன்னது பொல்லாத குற்றமாகிவிட்டது. மானுக்கு வைக்கிற கொள்ளுத் தீனியைத் திருடிவிட்டு, அது மெலிந்ததற்குச் சீக்கு என்று சாக்குச் சொல்கிறேனாம். மான்களின் ரத்தத்தைப் பார்க்க முதலாளி மாட்டு டாக்டர் ஜஹாங்கீரை வரவழைத்தார். நாலு ஆட்கள் வலையோடு இறங்கி அரை மணி நேரம் துரத்தி, வாயில் நுரை தள்ளத் தள்ள அமுக்கிப் பிடித்துக் கழுத்தில் ஊசி குத்தினார்கள். டாக்டர் கண்ணாடிக் குழாயில் நிறம் ஒப்பிட்டுப் பார்த்து, ரத்தம் நல்ல கெட்டி, சீக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் திருடன் என்று ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற என் மகள் சொல்லட்டும் என்று முதலாளியைப் பொறுக்கச் சொல்லித்தான் உனக்கு எழுதினேன்.

உன் பதில் வந்ததும் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நேரே எடுத்துப் போய்ப் பங்களாக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டி, எல்லார் முன்னாலும் படிக்கச் சொன்னேன், உன்மேல் அவ்வளவு நம்பிக்கை. குழாய் காட்டுவதுதான் உண்மை அப்பா, டாக்டரோடு வாதாடாமல் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் பொண்ணே எழுதிக்கீது, இன்னும் இன்னா பேச்சு, கெளம்பு என்றார் முதலாளி. காவல்காரர் மஜீது மட்டும் கேட் வரைக்கும் கூட வந்து, வுடு நைனா, பேஜாராவாத என்றார்.

பத்து நாளில் மூன்று மான் செத்துப்போயின. டாக்டர் அறுத்துப் பார்த்தால் வயிறு முழுக்க நூல் நூலாக ரத்தம் உறிஞ்சுகிற பூச்சி. அவரே வீடு தேடி வந்து சொன்னார். விரட்டினால் மான் மண்ணீரலில் சேர்த்து வைத்திருக்கிற கெட்டி ரத்தமெல்லாம் நரம்புக்குள் ஓடி வந்துவிடுமாம், சோகை பிடித்த மானும் குழாயில் திடமாகத் தெரியுமாம். அமைதியாகப் படுத்திருக்கும்போது எடுத்திருக்க வேண்டுமாம். என் மடியில் தலை வைத்துப் படுக்கிற மான்கள் அவை. இதை முதலாளியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் அன்னியர். உன்னிடம் வருகிறவர்கள் தாங்களே வந்து உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள். மான் கையை நீட்டாது. எப்படிப் பிடித்தார்கள் அப்பா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். அம்மா இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று அழுகிறாள். எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

தேவமாதா உனக்கு என்றும் துணையிருக்கட்டும். கம்பளிச் சட்டை போடாமல் வேலைக்குப் போகாதே. மறக்காமல் பதில் போடு. இனிமேல் உன் கடிதத்தை நான் பிரித்துப் படித்துப் பார்த்த பிறகுதான் பிறத்தியாருக்குக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. இக்னேஷியஸ்