விழாத அடி

டர்பின், மிசிசிப்பி
ஜூன் 14, 1994

அன்புள்ள மாப்ளே ஹோசியாவுக்கு,

உன் மச்சான் லான்ஸோ எழுதுறேன். கிழிச்சுப் போடுறதா இருந்தா ரெண்டு பக்கமும் படிச்சுட்டுக் கிழி. எழுத்துக் கூட்டி எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. நான் மூணாங் கிளாஸோட பருத்திக் காட்டுக்குப் போனவன். நீ எட்டு முடிச்ச துரை. தப்பு இருந்தா உங்க சிகாகோ சபையில எழுந்து நின்னு வாசிச்சுக் காட்டு, மூப்பருங்க எல்லாம் சிரிக்கட்டும்.

நான் சௌக்கியம், இடது காலைத் தவிர. சர்க்கரை. கட்டை விரலை எடுத்தாச்சு. புண் இப்படியே இருந்தா அக்டோபர் கடைசியில முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும்னு டாக்டரம்மா சொல்றா. "எடுத்ததைப் பொட்டலம் கட்டிக் குடுப்பீங்களா, வீட்டுல நாய் இருக்கு"ன்னு கேட்டேன். சிரிக்கவே இல்ல அந்தப் பொம்பளை.

விஷயத்துக்கு வர்றேன். போஸ்ட் ஆபீஸ் ஒபீலியா ஒரு பாட்டுப் பத்திரிகையைக் கொண்டாந்து காட்டினா. புளூஸ் ராக்குல எந்தக் காலத்துக்கும் நிக்கிற நூறு பாட்டுன்னு பட்டியல் போட்டிருக்கான். ஏழாவது எது தெரியுமா? நம்ம "தாழ் போடாதே, நான் வர்றேன்". நாம வாசிச்சது இல்ல, அந்த லண்டன் பசங்க வாசிச்சது. காது கிழியக் கிட்டாரை அலற விட்டு, நாம மூணு நிமிஷத்துல முடிச்சதை ஒன்பது நிமிஷம் இழுத்தானுங்களே, அது. பரவாயில்ல, கீழே பொடி எழுத்துல நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்கு. என் பேர்ல ஒரு எழுத்து தப்பு.

பாட்டைப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டு, அந்த ஒரு அடியைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கான். மூணாவது சரணத்துல "நான் வர்றேன்"னு சொன்ன உடனே நீ டிரம்ல ஒரு அடியை அடிக்காம விட்டியே, அதைத்தான். அங்க கேக்கிறவனுக்கு மூச்சு நின்னு போகுதாம். அதனாலதான் பாட்டு சாகலையாம். லண்டன் பசங்களும் அந்த அடியை விடுறானுங்க, அவங்களுக்கு அப்புறம் வந்தவனும் விடுறான், கல்யாண வீட்டுல வாசிக்கிறவன்கூட எண்ணிப் பார்த்துச் சரியா விடுறான்.

என்னைத் தேடி இங்க வர்றவன் எல்லாம் அதைத்தான் கேக்கிறான். ஒருத்தன்கிட்ட, டிரம்ஸ்காரனுக்குத் தும்மல் வந்துச்சுன்னேன். இன்னொருத்தன்கிட்ட, கால்சட்டைப் பொத்தான் தெறிச்சு எடுக்கக் குனிஞ்சான்னேன். ஜப்பான்ல இருந்து வந்தவன்கிட்ட, அது எங்க தாத்தா காலத்து ரகசியம், சொன்னா வாய் கோணிக்கும்னேன். எழுதிக்கிட்டுப் போனான், பாவம்.

நிஜமா எனக்கே தெரியாது மாப்ளே. நீ ஏன் விட்டே? உன் கை கடிகாரம் மாதிரி, தப்பவே தப்பாதே.

அக்டோபர் எட்டாம் தேதி ஆத்தங்கரை மைதானத்துல விழா. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பாட்டை வாசிக்கணும்னு கேக்கிறாங்க. கால் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உன்கூட உக்காந்து வாசிச்சுடணும். அவ்வளவுதான் என் ஆசை. நாற்பத்திரண்டு வருஷம் பேசாம இருந்தது போதும்.

என் தங்கச்சி கல்லறையில ஞாயித்துக்கிழமை புல் வெட்டினேன். அவ புருஷன் நீ செய்ய வேண்டிய வேலை. வந்து மிச்சத்தை வெட்டு.

உன் மச்சான்
லான்ஸோ


சிகாகோ
ஜூலை 2, 1994

திரு. லான்ஸோ டீம்ஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நிலை பற்றி அறிந்து வருந்துகிறேன். சபையில் தங்களுக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்றுதான் என் மனைவி வெர்லீனும் பிறக்காத என் பிள்ளையும் இறந்தார்கள் என்பது தங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் நான் டிரம் குச்சியைத் தொட்டதில்லை. வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் எழுந்து போய்விடுவேன். மேடைக்கு வர மாட்டேன்.

கை வழுக்கியது, அதனால் அந்த அடி விழவில்லை. வேறு காரணம் இல்லை.

ஹோசியா பிக்கெட்


டர்பின்
ஆகஸ்ட் 9, 1994

அன்புள்ள மாப்ளேக்கு,

"திரு"வாம், "தங்கள்"ளாம். கரண்டு பில்லுகூட என்கிட்ட இதைவிடப் பாசமாப் பேசும். நீயும் நானும் ஒரே சட்டியில பன்னிக்காது தின்னவங்கடா.

சரி. விளையாட்டை விடுறேன். இதைச் சொல்லாம கால் போகலாம், உயிர் போகக் கூடாது.

மெம்ஃபிஸ்ல நாம தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா மிஸ் டோராவை ஞாபகம் இருக்கா? அன்னைக்குக் காலையில நீ டிரம்முக்குத் தோல் வாங்கப் போயிருந்தே. எட்டரை மணி இருக்கும். அந்தம்மா படியில வந்து நின்னா.

"லான்ஸோ, உன் மாப்பிள்ளைக்குத் தந்தி. அவன் எங்க?"

"வந்துடுவான். குடுங்க, நான் குடுத்துடுறேன்."

"நல்ல சேதி மாதிரி தெரியலியே."

"எங்களுக்கு எவன் நல்ல சேதிக்குத் தந்தி அடிப்பான்? குடுங்கம்மா."

வாங்கினேன். எனக்குப் படிக்கத் தெரியாது, நிலத்துக்காரன் ஏதோ நோட்டீஸ் விட்டிருக்கான்னு நினைச்சுட்டேன்னுதான் அப்புறம் உன்கிட்டச் சொன்னேன். அம்மாகிட்டச் சொன்னதும் அதேதான். பொய் மாப்ளே. மூணாங் கிளாஸ் அதுக்குப் போதும். "வெர்லீனுக்கு வலி. மோசம். உடனே வா. அம்மா." எழுத்துக்கு எழுத்து படிச்சேன். படிச்சுட்டுத் தொப்பி உள் பட்டையில சொருகிக்கிட்டேன்.

பத்து மணிக்கு அந்த சோபாக் கடைப் பின்னாடி ரூமுல நமக்கு ரெக்கார்டு. ஒரு வருஷம் கெஞ்சி வாங்கின நேரம். விட்டா இன்னொரு தடவை கூப்பிட மாட்டான். வெர்லீனுக்கு மொத தடவையும் வலி ஒன்றரை நாள் இருந்துச்சு, குழந்தைதான் தங்கல, அவ பொழச்சுக்கிட்டா. இப்பவும் அப்படித்தான்னு நினைச்சேன். ஊருக்குப் போற பதினோரு மணி பஸ் போனா என்ன, மூணு மணிக்கு ஒண்ணு இருக்கு. என் கூடப் பொறந்தவ. நான் அப்படி நினைச்சேன்.

பதினோரு மணி பஸ்ஸுல போயிருந்தா ரெண்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். அவ நாலு மணிக்குத்தான் போனா. ரெண்டு மணி நேரம் உன் கையைப் பிடிச்சிருப்பா. அதை நான் எடுத்துக்கிட்டேன்.

ரெக்கார்டு முடிஞ்சு வெளியில வந்து நான் தந்தியை நீட்டினப்ப நீ கையில வாங்கிப் பார்க்கக்கூட இல்ல. நேரா பஸ் நிக்கிற இடத்துக்கு ஓடினே. என் மூஞ்சியிலயே நீ சேதியைப் படிச்சுட்டேன்னு நினைச்சேன். அந்தக் காகிதம் இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு.

நான்தான் ஒளிச்சேன்னு அம்மாகிட்ட நீ சொன்னது சரிதான். அதுக்கப்புறம் அவ என்னோட பேசல. தட்டை மேசையில வச்சுட்டு முகத்தைத் திருப்பிக்குவா. ஒன்பது வருஷம். அறுபத்தொண்ணுல சாகக் கிடந்தப்ப நான் தண்ணி கொடுத்தேன். வாயை மூடிக்கிட்டா.

ஜனங்க ஏன் அந்தப் பாட்டை விட மாட்டேங்கிறாங்கன்னு நான் யோசிச்சிருக்கேன். அந்த ஒரு அடி இருக்க வேண்டிய எடத்துல குழி இருக்கு. அவங்கவங்க பொணத்தை அவங்கவங்க அதுல எறக்கிப் பார்க்கிறாங்க. என் பங்குக்கு நானும் பார்க்கிறேன்.

மன்னிக்க முடியலைன்னா வேணாம். வந்து உக்காந்து வாசி. வாசிச்சுட்டு மூஞ்சியில துப்பிட்டுப் போ. துப்புறதையும் தாளத்தோட துப்பு.

உன் மச்சான்
லான்ஸோ


சிகாகோ
செப்டம்பர் 11, 1994

மச்சான்,

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். சபையில் எழுந்து ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ உண்மையை எழுதிவிட்டாய். நான் ஜூலையில் எழுதியது பொய். என் கை வழுக்கவில்லை.

அந்த அறை மே மாதப் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தது. இரண்டாவது சரணம் முடிந்ததும் நீ தொப்பியைக் கழற்றி என் டிரம் பக்கத்து நாற்காலியில் மல்லாத்திப் போட்டாய். உள்பட்டையில் மஞ்சள் காகிதம். அரை மடிப்பு பிரிந்திருந்தது. எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. வெர்லீன் என்று இருந்தது. மோசம் என்று இருந்தது. உடனே வா என்று இருந்தது.

அப்போதுதான் அந்த அடி விழவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்தைந்து. பஸ் நிலையம் இரண்டு தெரு தள்ளி. குச்சியைக் கீழே வைத்திருந்தால் போதும். உன் கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. என் கை அதோடு சேர்ந்துகொண்டது. அந்தப் பாட்டை முடித்தேன். மச்சான், அதற்கப்புறம் இன்னும் இரண்டு பாட்டு வாசித்தேன். ரெக்கார்டு எடுத்தவர், "இப்பத்தான் உன் கை சூடேறியிருக்கு" என்று சொன்னார். நான் சிரித்தேன்.

எனக்கும் அந்த ரெக்கார்டு வேண்டியிருந்தது. அதுவரை யாரும் என் பெயரை எதிலும் அச்சடித்ததில்லை.

வெளியே வந்து நீ தந்தியை நீட்டினாய். அதை வாங்கினால் அப்போதுதான் படிப்பதுபோல் நடிக்க வேண்டும். அதனால் வாங்காமல் ஓடினேன்.

நீ ஒளித்தாய் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நான் படித்ததைச் சொல்லவில்லை. அவர் உன் முகம் பார்க்காமல் செத்தார் என்று தெரிந்தபோதும் எழுதவில்லை. பழி முழுவதும் உன் தலையில் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

விழாவுக்கு வருகிறேன். குச்சி வாங்கிவிட்டேன். பஸ் டிக்கெட்டும் கையில் இருக்கிறது. வா என்று ஒரு வரி எழுது. நீ எழுதாவிட்டால் வர எனக்கு முகம் இல்லை.

உன் மாப்பிள்ளை
ஹோசியா


டர்பின்
அக்டோபர் 20, 1994

ஹோசியா பிக்கெட்டுக்கு,

உன் கடுதாசி செப்டம்பர்லயே வந்துடுச்சு. வான்னு எழுத நாலு தடவை பேனாவை எடுத்தேன். சின்ன வார்த்தைதான். மூணாங் கிளாஸுக்குத் தெரியாத வார்த்தை இல்ல. கை ஓடல.

எட்டாம் தேதி நான் தனியாத்தான் மேடை ஏறினேன். கட்டுப் போட்ட காலோட. தந்தியைத் தொப்பி உள்பட்டையில சொருகிக்கிட்டுத்தான் போனேன், அன்னைக்கு மாதிரியே. கூட்டம் ஆத்துத் தண்ணி வரைக்கும் நின்னுச்சு. வறுத்த மீனைக் கையில வச்சுக்கிட்டே கேட்டாங்க. மூணாவது சரணம் வந்துச்சு. "நான் வர்றேன்"னு பாடினேன். எல்லாரும் மூச்சைப் பிடிச்சாங்க. எனக்கே தெரிஞ்சுச்சு, அத்தனை பேர் மூச்சும் நிக்கிறது.

நான் விடல. அந்த அடியை என் கெட்ட காலால தட்டிட்டேன். ஓங்கித் தட்டினேன். குழி இல்லாமப் பாட்டு நேராப் போச்சு.

முன்னாடி நின்ன ஆளு, அம்பது வயசு இருக்கும், நரைச்ச குடுமி, "பெருசு, தப்பா வாசிக்கிறீங்க"ன்னு கத்தினான். கூட இருந்தவன், "விடுப்பா, வயசாயிடுச்சு, மறந்திருக்கும்"னான். யாரும் சரியாக் கை தட்டல. நான் எறங்கி வந்தப்ப கட்டு நனைஞ்சு ஷூவுக்குள்ள ரத்தம் நின்னுச்சு.

நீ செத்தாலும் நான் செத்தாலும் லண்டன்காரன் அந்தக் குழியோடதான் வாசிப்பான். அது அவன் பாடு. எங்க வீட்டுல அது இனிமே கிடையாது.

நாற்பத்திரண்டு வருஷம் அது என் ஒருத்தன் பாவம்னு நினைச்சுச் சுமந்தேன். பாதி உன்னுதுன்னு தெரிஞ்சதும் பாரம் குறையும்னு பார்த்தா, குறையல. உன் மேல கோவப்பட எனக்கு யோக்யதை இல்ல. நான் படிச்சதை ரெண்டு மணி நேரம் கழிச்சு நீ படிச்சே, ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஆனா எங்கம்மா வாயை மூடிக்கிட்டாளே, அந்த டம்ளர் இன்னும் என் கையில இருக்கு. அதை எங்க வைக்கிறதுன்னு தெரியல. அதனாலதான் உன்னைக் கூப்பிடல. இனியும் கூப்பிட மாட்டேன்.

டிவிக்காரங்க மேடைக்குப் பின்னாடி வந்து அதே கேள்வியைக் கேட்டாங்க. ரெக்கார்டுல அந்த அடி ஏன் விழல? டிரம்ஸ்காரன் மூக்கு மேல ஈ உக்காந்துச்சுன்னு சொல்லிட்டேன். நல்லாச் சிரிச்சாங்க. அவ சாவு ஊர் வாயில விழக் கூடாதுன்னு வெர்லீனுக்காகச் சொன்னது. உனக்காக இல்ல.

திங்கக்கிழமை கால் எடுக்கிறாங்க. அவ கல்லறைப் புல்லுக்கு ஆள் சொல்லிட்டேன். நீ வர வேணாம்.

இத்தோட அந்தத் தந்தியை வச்சிருக்கேன். உன் பேருக்கு வந்தது. வாங்கிக்கோ.

லான்ஸோ டீம்ஸ்