பூவராகவன் போட்ட பரமபதப் படம்

செஞ்சி,
27-1-1964

சௌபாக்கியவதி வள்ளியம்மைக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. சிங்கவரத்துப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மானத்துக்குத்தான் கொஞ்சம் சேதம், அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். நீயும் மாப்பிள்ளையும் பிலாயில் சௌக்கியம்தானே. அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், காதைக் கட்டிக்கொள்ளாமல் வாசலில் நிற்காதே, மாப்பிள்ளை ஆலையிலிருந்து எந்த ஷிப்டில் வந்தாலும் சுடுசோறு போடு, ஆறின சோற்றைக் கிண்டிக் கிண்டி வைத்தால் வயிறு கெட்டுவிடும். இங்கே மல்லாட்டை இந்த வருஷம் சுமார்தான், ஆள் கிடைத்தால் கடலையை உரித்து வறுத்து அனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால் உன் சித்தப்பா பூவராகவன் பதிப்பாசிரியர் ஆகிவிட்டான். சிரிக்காதே, அப்படித்தான் அச்சடித்திருக்கிறான். உன் தாத்தா இருந்த காலத்தில் நம் பூஜைச் சாமான் கடையில் மார்கழி பிறந்தால் பரமபத சோபனப் படம் அச்சடித்து விற்பார்கள், உனக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டில் சீட்டாட்டம் மட்டும்தான் என்பதால் அவருக்குப் புரியும்படி எழுதுகிறேன். கட்டம் கட்டமாக இருக்கும், ஏணியில் கால் வைத்தால் மேலே ஏறலாம், பாம்பின் தலையில் வைத்தால் வால் இருக்கிற இடத்துக்கு இறங்க வேண்டும், பாம்புக்கெல்லாம் அரக்கர் பெயர், நாகர் பெயர், உச்சியில் பெருமாள் இருக்கிற இடம் பரமபதம். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிப்பவர்கள் தூக்கம் வராமல் இருக்க ஆடுவது. தாத்தா அச்சடிக்க வைத்திருந்த மரப் பிளாக்கைக் கரையான் தின்ற பிறகு அந்தப் படம் நின்றுபோய்விட்டது. ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், திரும்பப் போடலாம் என்று உன் நைனா ஐப்பசியில் பேச்செடுத்தார். வீட்டில் பழைய படம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்து அப்படியே போட்டால் முடிந்தது. சித்தப்பாவுக்கு அது போதவில்லை. இன்னாண்ணே இது, இந்தக் காலத்துல எவன் அரக்கன் பேரப் படிக்கிறான், புதுசா இருந்தாத்தான் ஜனங்க கையில தொடும், எல்லாத்தையும் என்கிட்ட வுடு என்றான். உன் நைனாவும் விட்டுவிட்டார். அவர் எதைத்தான் விடவில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பூவராகவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அண்ணன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான், இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அதே கதைதான்.

படம் அச்சாகி வந்த அன்றைக்குப் பிரித்துப் பார்த்தேன். தலைப்பில் சிவப்பு எழுத்தில் திருத்திய புதிய பதிப்பு, அதற்குக் கீழே ஒரு பக்கம் பெருமாள், ஒரு பக்கம் உன் சித்தப்பா. கோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் கோட்டு போட்டோக் கடைக்காரனுடையது. பெருமாளைவிட இவன் படம்தான் பெரிதாக இருக்கிறது, பெருமாள் ஏதோ இவனிடம் வேலை கேட்டு வந்தவர் மாதிரி ஓரமாக நிற்கிறார். ஏணிக்கெல்லாம் நம் கடைச் சாமான் பெயர், ஊதுவத்தி ஏணி, கற்பூர ஏணி என்று. உச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிற பெரிய ஏணி ஒன்று பழைய படத்தில் உண்டு, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடை விலாசம் போட்டிருக்கிறான். ரெண்டு தாயக்கட்டை வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு மரப் பகடை போதும் என்று படத்தோடு சேர்த்து விற்கிறான், அதுதான் நாகரிகமாம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாம்புகளைத்தான் பொறுக்க முடியாது. அரக்கர்களை எடுத்துவிட்டு, சினிமாக் கொட்டகைக்குப் போர்டு எழுதும் தனகோட்டியை வைத்து மனுஷ முகம் போட்ட பாம்புகளாக வரைந்திருக்கிறான். பெயர் மட்டும் அகங்காரம், குற்றம் பார்த்தல் என்று நீதி போதனை மாதிரி இருக்கும். முகம் யாருடையது என்று செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மாதம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும். மேல் வரிசைக்கு முந்தின வரிசையில் அடுத்தடுத்து ஆறு பாம்பு. விளம்பர நோட்டீசில் இவன் எழுத்துப் பிழையைத் திருத்தின பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். கோயிலில் இவனைக் காக்க வைத்த தர்மகர்த்தா ஒருவர். மேல்மலையனூர் பஸ்ஸில் இவனை இறக்கிவிட்ட கண்டக்டர் ஒருவர். இவனுடைய மச்சான், அதாவது ரத்தினம்மாள் சித்தியின் அண்ணன் ஒருவர், அவர் என்ன பாவம் செய்தார் என்று சித்திக்கே தெரியாது. ஐந்தாவது துரைக்கண்ணு, ஆறாவது நான். எனக்கு வைத்த பெயர் துர்வாக்கு. இந்த வீட்டில் ஒருவராவது உள்ளதைச் சொல்ல வேண்டாமா, அதற்குக் கிடைத்த பட்டம்.

துரைக்கண்ணு யார் என்று உனக்கு எழுதியிருந்தேன், ஜவுளிக்கடைக்காரர், மகன் தனசேகரனுக்கு நம் மனோரமாவைக் கேட்டு நிச்சயம் செய்தவர், உன் சித்தப்பா பெற்ற பெண்ணுக்கு மாமனாராக வரப்போகிறவர். அவரைப் பாம்பாகப் போடுகிற அளவுக்கு என்ன பகை என்று கேட்பாய். நிச்சயத்தன்று அவர் தாம்பூலத் தட்டைக் குடும்பத்துக்கு மூத்தவர் என்று உன் நைனா கையில் கொடுத்தார். எந்த வீட்டிலும் நடக்கிறதுதான். இவனுக்கு அது பொறுக்கவில்லை, பெத்தவன் நான் இருக்கேன், என்ன சபையில மரமாட்டம் நிக்க வெச்சிட்டாரு என்று ஆவணி மாதத்திலிருந்து பொருமிக்கொண்டிருந்தான். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி துரைக்கண்ணுவுக்கு அடையாளம், அந்தத் தடியைப் பாம்பின் வாயில் கவ்வக் கொடுத்துச் சபையறியாதவன் என்று பெயர் வைத்திருக்கிறான். பெண்ணின் கல்யாணம் மாசியில் இருக்கிறதே என்ற நினைப்பு ஒரு தகப்பனுக்கு வர வேண்டாமா. நான் உன் நைனாவிடம் சொன்னேன், இதை வெளியே விடாதீர்கள் என்று. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

ஏகாதசியன்று மத்தியானம் கடைக்கு எதிரில் இருக்கிற சத்திரத்தில் பாய் விரித்து, ஊர்ப் பெரியவர்களையும் சம்பந்தி வீட்டையும் அழைத்து முதல் ஆட்டம் என்று ஏற்பாடு செய்தான். எல்லோரும் விரதத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். துரைக்கண்ணுவின் மனைவி, தர்மகர்த்தா வீட்டம்மா, மனோரமா இன்னும் ரெண்டு பேர் ஆடினார்கள். முதலில் நன்றாகத்தான் போனது. ஊதுவத்தி ஏணியில் ஏறுகிறார்கள், கற்பூர ஏணியில் ஏறுகிறார்கள், அந்த ஆறு பாம்பு வரிசைக்கு வந்ததும் யாராவது ஒருவர் கடித்துக் கீழே தள்ளிவிடுகிறார். திரும்ப ஏறினால் திரும்பக் கடி. வெயில் இறங்கிவிட்டது, ஒருவர் காய்கூட உச்சியைத் தொடவில்லை. ஏகாதசியில் ஆடினால் ஒருத்தராவது பரமபதம் சேராமல் படத்தைச் சுருட்டக் கூடாது என்று நம் பக்கத்தில் நினைப்பவர்கள் உண்டல்லவா, பெண்கள் முகம் மாற ஆரம்பித்தது. மனோரமாதான் கண்டுபிடித்தாள். நைனா, ஆறு பாம்ப வரிசையா வெச்சிட்டே, பகடையில ஆறுக்கு மேல விழாது, இத எப்படித் தாண்டுறது, நீயே ஆடுனாலும் மேல போக முடியாது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நீ இன்னாடி கண்டே, தள்ளு என்று உன் சித்தப்பா அவள் கையிலிருந்த பகடையைப் பிடுங்கிக்கொண்டு தானே உட்கார்ந்து ஆடினான். முதலில் கண்டக்டர் கடித்தார். மறுபடி ஏறி வந்தான், என் தலையில் காய் விழுந்தது. ஒங்க அண்ணி கடிச்சிட்டாங்கப்பா என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சத்திரமே சிரித்தது.

சிரிக்காதவர் துரைக்கண்ணு ஒருவர்தான். தள்ளி உட்கார்ந்திருந்ததால் அதுவரை அவர் படத்தை உற்றுப் பார்க்கவில்லை, இப்போதுதான் கிட்டே வந்து குனிந்து தடியைக் கவ்வின பாம்பைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த தடியைப் பார்த்தார். இது யாரு தடிங்க என்று மெதுவாகக் கேட்டார். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். உன் சித்தப்பா எழுந்து நின்று, பொதுவா வரஞ்சதுங்க, உங்களுக்கு உறுத்துனா நான் இன்னா செய்யறது என்றான். உறுத்துதுங்க, மாசியில வெச்சிக்கிட்ட பேச்சு இனி வேணாம் என்று சொல்லிவிட்டு அவர் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். தனசேகரன் தெருவில் நின்று மனோரமாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், ஒன்று அகப்படாமல் பாய்க்கடியில் தேடிக்கொண்டே இருந்தாள், எல்லோரும் போன பிறகும் தேடினாள். உன் சித்தப்பா என்ன செய்தான் தெரியுமா, வாசலில் நின்று ஆளுக்கொரு படம் இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் மனோரமா வந்தாள். அழுது வீங்கிய முகமாக இருக்கும் என்று நினைத்தேன், தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பெரிம்மா, தாத்தா போட்ட படம் உன்கிட்ட இருக்குதா, எனக்குக் குடு, கூடவும் வா என்றாள். எங்கே என்று கேட்டால் அவங்க வூட்டுக்கு என்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் தானாகப் போய் மாமனார் வாசலில் நிற்பதா என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் இருக்கிற லட்சணத்துக்கு இவளாவது போகட்டும் என்று பெட்டியிலிருந்து பழைய படத்தையும் பித்தளைத் தாயக்கட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடைத்தெரு முழுக்க எங்களைப் பார்த்தது. துரைக்கண்ணு வாங்க என்று சொல்லவில்லை. இவள் நேராகப் போய், மாமா, நேத்து ஆட்டம் பாதியில நின்னுபோச்சி, முடிக்காம வெச்சா நல்லா இருக்காதுன்னு வந்தேன், கல்யாணத்தப் பத்திப் பேச வரல என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் வீட்டு அம்மாள்தான் பாயைக் கொண்டுவந்து போட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஆட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு ஒரு காய் வையி என்று அவரும் வந்து உட்கார்ந்தார். அவர்தான் முன்னால் போனார். உச்சிக்கு ரெண்டு கட்டம் இருக்கும்போது கார்க்கோடகன் என்கிற பாம்பு கடித்து அடிவரிசைக்கு வந்துவிட்டார். இன்றைக்கும் பாம்பா, அதுவும் இந்த வேளையிலா என்று மனதுக்குள் பெருமாளைத் திட்டினேன். அவர் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு, இவன் எனக்கு ஒறவு மொற இல்ல, கடிச்சா கடிச்சிட்டுப் போறான் என்று சொல்லி உடம்பு குலுங்கச் சிரித்தார். கடைசியில் பரமபதம் சேர்ந்தது அந்த அம்மாள். எழுந்திருக்கும்போது துரைக்கண்ணு மனோரமாவிடம், உன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா, உன் நைனா என் கடப் படி ஏறி வந்து மாசியில வெச்சிக்கலாம்னு அவரு வாயால சொல்லட்டும் என்றார்.

சொல்வானா உன் சித்தப்பா. பதிப்பாசிரியர் படியேறுவாரா. அவன் வீட்டில் படம் கட்டுக்கட்டாகக் கூரை வரை நிற்கிறது, வாங்க நாதியில்லை, மேலே போக முடியாத பரமபதத்தை யார் வாங்குவார்கள். மனோரமா அவனுக்குச் சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதற்கும் அசையவில்லை. ரத்தினம்மாள் சித்தியை ஊமை என்று நினைத்திருந்தேன், அவள்தான் சத்தமில்லாமல் ரெண்டு கட்டுப் படத்தைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டிருக்கிறாள். பொங்கலோடு அமாவாசையும் சேர்ந்து வந்ததால் மேல்மலையனூரில் சொல்ல முடியாத கூட்டம், அங்கே போன உன் சித்தப்பா திரும்பி நேராக நம் வீட்டுக்கு வந்தான். பஸ் நிற்கிற இடத்தில் பஜ்ஜி வாங்கியிருக்கிறான், இவன் படத்தைக் கிழித்து அதில்தான் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணே, என் மூஞ்சில வெச்சிக் குடுத்தான்ணே, பக்கத்துல இருந்தவன் அந்தத் தாள்ல கையத் தொடச்சிப் போட்டுட்டுப் போறான் என்று சொல்லும்போது அவன் கண் கலங்கிவிட்டது. நானாக இருந்தால் நறுக்கென்று நாலு கேட்டிருப்பேன். உன் நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வா என்றார், ரெண்டு பேரும் ஜவுளிக்கடைக்குப் போனார்கள். சித்தப்பா படிக்குக் கீழேயே நின்றுவிட்டானாம். துரைக்கண்ணுதான் உள்ளேயிருந்து, இன்னா சம்பந்தி வெயில்ல நின்னுக்கினு, வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். பெரிய மனுஷன் என்றால் அவரைச் சொல்ல வேண்டும். இவன் மாசியிலயே வெச்சிக்கலாம்ங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான், மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை, அது அவனுக்கு எழுதத் தெரியாத வார்த்தை போலிருக்கிறது.

இதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைத்தாயானால் உன் சித்தப்பாவை உனக்குத் தெரியவில்லை. முந்தாநாள் பென்சிலில் வரைந்த ஒரு தாளைக் கொண்டுவந்து விரிக்கிறான், இரண்டாம் பதிப்பாம். சம்பந்தியைக் குளிர்விக்க அவரைப் பாம்பிலிருந்து எடுத்து உச்சியில் பெருமாள் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறான், தடியோடு. உயிரோடு இருக்கிற மனுஷரைக் கல்யாணத்துக்கு முன்னால் பரமபதத்துக்கு அனுப்பிவிட்டான். எனக்குச் சொல்ல வாய் எழும்பவில்லை, நினைத்துப் பார். அப்போதுதான் உன் நைனா கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். வேணாம்டா பூவராகா, நைனா போட்டது எப்படி இருந்துதோ அப்படியே வர மார்கழிக்கு நான் போடறேன் என்றார். சத்தம் போடவில்லை. தம்பியைப் பார்த்து அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. சித்தப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அப்புறம், அண்ணி, காப்பி இருக்குதா என்று கேட்டான். போட்டுக் கொடுத்தேன்.

மாசி பிறந்து முதல் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள், பத்திரிகை தனியாக வரும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நீ மட்டுமாவது வந்துவிடு, அக்கா எப்ப வருவாங்க என்று மனோரமா தினமும் கேட்கிறாள். ரயிலில் வெளித் தண்ணீர் குடிக்காதே, கழுத்தில் இருப்பதை மூடிக்கொண்டு வா. நீங்கள் இருவரும் நூறு வயது ஒற்றுமையாக, ஒரு வீடு ஒரு சொல் என்று இருக்க அங்காளம்மன் துணை இருக்கட்டும். மறக்காமல் ஒன்று, கல்யாணத்தில் உன் சித்தப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பான், இந்தத் தடவை கோட்டு சொந்தமாகவே தைத்திருக்கிறான். பார்த்ததும் சிரித்துவிடாதே, என் பக்கத்தில் வந்து உட்கார், ரெண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம்.

என்றும் உன் நலமே நினைக்கும் அம்மா,
அ. செல்லம்மாள்