வச்சிரவீரனுக்கு இட்லிக்கடைத் தீர்ப்பு

சூரமங்கலம், சேலம்
சுபானு வருஷம் ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி பேரன் தீர்த்தகிரிக்கு, அம்மாயி அத்தாயி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் பசுவும் சௌக்கியம். கண்ட்ரோல் அரிசியில் கல்லும் சௌக்கியம். வாராவாரம் பெருத்துக்கொண்டு வருகிறது. உன் அம்மா எடப்பாடியிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனாள். நூல் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா நிற்கிறதாம். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் படிக்கவில்லை.

அந்தக் கடைசிப் பத்திக்குத்தான் இந்தப் பதில். யுத்தத்தால் காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்து, உங்கள் அச்சாபீஸ் போடும் படக்கதைப் பத்திரிகை "வீரக் கதம்பம்" நாலு தாளிலிருந்து இரண்டு தாளாகச் சுருங்கப்போகிறது. தாளுக்கு ஒருவராக இருக்கிற நாலு வீரர்களில் இரண்டு பேருக்குத்தான் இனி இடம். யார் இருப்பது என்று வாசகர்கள் எழுதிச் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தாய். உன் வச்சிரவீரனை நிறுத்திவிட்டால் பென்சிலை உடைத்துப் போட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். பென்சில் உடைவதற்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அந்த வரியை மூன்று தரம் படித்தேன் சாமி.

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான். ஆனால் இந்தத் தெருப் பெண்பிள்ளைகளில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் நான் ஒருத்திதானே. மெட்ராஸ் வண்டியிலிருந்து போர்ட்டர் ரங்கன் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்ததும் கந்தம்மாள் இட்லிக்கடையில் கூட்டம் கூடிவிடும். நான் படிக்கப் படிக்கக் கந்தம்மாள் படத்தைத் தூக்கிக் காட்டுவாள். "அஞ்சாம்வகுப்பம்மா வந்தாச்சு, வாயை மூடுங்கடி" என்பாள். கேலிதான். இருக்கட்டும், படித்தவளைத்தானே கேலி செய்கிறார்கள். உன் தாள் வந்ததும், "இது என் பேரன் கையால் போட்டது" என்று சொல்லாமல் ஒரு வாரமும் நான் ஆரம்பித்ததில்லை. அதுவே வினையாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு வைத்தேன். நாலு கிண்ணம் வைத்து, கிண்ணத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீரனின் படமாக நிறுத்தினேன். மலையைத் தூக்குகிற உன் வச்சிரவீரன், கண்ணாலேயே இரும்பை இழுக்கிற காந்தக்கண்ணன், சுவருக்குள் புகுந்துபோகிற நிழல்மனிதன், காற்றில் பறக்கிற வாயுகுமாரி. வந்தவர்கள் ஆளுக்கொரு புளியங்கொட்டையைப் பிடித்தமானவர் கிண்ணத்தில் போடவேண்டும். ஒவ்வொருத்தியாக வந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், உன் கிண்ணத்தில் போட்டாள். ரோஷன் பீவி தன் புருஷன் ரயிலில் பயர்மேன் வேலைக்குப் போயிருப்பதால் அவர் பங்குக்கும் சேர்த்துப் போட்டாள். மற்ற மூன்று கிண்ணமும் கழுவிவைத்த மாதிரி இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் என் செலவில் காப்பி கொடுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையில் இட்லி வாங்கப் போனேன். கந்தம்மாள் ரயில் கார்டு ஒருவருக்கு வடை மடித்துக்கொண்டிருந்தாள். எதில் என்கிறாய்? வச்சிரவீரன் தூக்கிய மலைமேல் நாலு வடை உட்கார்ந்திருந்தது. எண்ணெய் மலையைத் தாண்டி அவன் மீசைவரைக்கும் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் கந்தம்மாள் கையை உதறினாள். "ஐயோ, பாத்துட்டீங்களாம்மா? காயிதத்துக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றாள். மற்ற வீரர்கள் எங்கே என்று கேட்டேன். நிழல்மனிதன் போண்டாவோடு போய்விட்டானாம். காந்தக்கண்ணன் பாதிதான் இருந்தான். அவன் கரண்டி திருடுகிற படங்களை அவள் பிள்ளைகள் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம். வாயுகுமாரி மட்டும் ஒரு தாளும் குறையாமல், அரிசி டின்னுக்குள், பழைய சேலைத்துண்டு மாதிரி தொளதொளத்துப்போய் இருந்தாள். "அவளை மடிக்கக் கை வரலீங்கம்மா" என்றாள்.

பின்னே ஏனடி புளியங்கொட்டையை அங்கே போட்டாய் என்று கேட்டேன். "ஏனுங்கம்மா, உங்க ஊட்டு விசேசத்துக்கு வந்துட்டு அடுத்தவன் ஊட்டுக்கா மொய் வெப்பாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பும் வந்துவிட்டது. தெருவே எனக்கு மொய் வைத்திருக்கிறது சாமி, தீர்ப்பு வைக்கவில்லை.

அங்கே இருந்தவர்களிடம், என் பேரன் என்று பார்க்கவேண்டாம், மரியாதையும் பார்க்கவேண்டாம், வச்சிரவீரனிடம் என்ன குறை என்று கேட்டேன். ரோஷன் பீவிதான் முதலில் வாய் திறந்தாள். "நல்ல புள்ளதாம்மா. ஆனா யாரையும் ஒரு வார்த்தை கேக்கறதில்லை. வாரான், தூக்கறான், போறான்" என்றாள். "தூக்குன மலையை எங்கீங்க வெச்சான்? அங்க குடியிருக்கறவங்க என்ன ஆவறது?" என்றாள் கந்தம்மாள். நீ மலையைக் கீழே வைக்கிற படம் போடவே இல்லையே.

வாயுகுமாரியோ தன் கதையில் ஒரு இட்லிக்கடைக் கூரையில் இறங்கி ஓட்டை உடைத்துவிடுகிறாள். கடைக்காரி வெளியே வந்து, "பறக்கத் தெரிஞ்சவளுக்கு இறங்கத் தெரியாதா? ஓடு மாத்தறது உங்கொப்பனா?" என்று திட்டுகிறாள். குமாரி தலைகுனிந்து நின்று ஓடு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் திருடனைப் பிடிக்கப் போகிறாள். அதைப் படிக்கும்போது கந்தம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தத் திட்டு கந்தம்மாள் திட்டு. நீ சின்ன வயசில் பட்டத்தை எடுக்கக் கந்தம்மாள் கூரைமேல் ஏறி ஓட்டை உடைத்தபோது வாங்கிக்கொண்டது. குமாரி கதையில் கூட்ஸ் வண்டியில் ஏறி ஈரோடு வரைக்கும் போய்வந்த ஆடு வருகிறதே, அது ரோஷன் பீவியின் ஆடு. காது அறுந்த பக்கம்கூட மாறவில்லை.

வாயுகுமாரியைப் போடுகிற உன் அறைத் தோழன் அன்வர் பாட்சா ஆற்காட்டுப் பிள்ளை, சேலத்தை ரயில் ஜன்னலில்கூடப் பார்த்ததில்லை என்று நீதான் எழுதினாய். அப்படியானால் இதெல்லாம் அவனுக்கு யார் சொன்னது? சோற்றுக்கு உட்கார்ந்தால் உன் வாய் சும்மா இருக்காதே. நம் தெருவையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அவன் கேட்டுக்கொண்டு படமாக்கிவிட்டான். உனக்கு என்னவோ நம் தெரு சிரிப்புக்குத்தான் ஆகும், வீரத்துக்கு மலையும் கோட்டையும் வேண்டும் என்று பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளை மேல் வருத்தப்படாதே. சொன்னதைக் கேட்டவன் திருடனில்லை.

ஆகையால் என் தீர்ப்பைக் கேள். முதலில் வாயுகுமாரி. அடுத்தது காந்தக்கண்ணன், பிள்ளைகளுக்காக. வச்சிரவீரனுக்கு இடமில்லை. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை. புளியங்கொட்டைக் கணக்கை அப்படியே எழுதிப்போட்டால் யாருக்குத் தெரியும் என்று ரங்கன் சொன்னான். எனக்குத் தெரியுமே. மொய்ப்பணத்தில் எத்தனை வாரம் ஒருவன் மலை தூக்குவான்?

உங்கள் ஆசிரியருக்கு நேற்றே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். தெருப் பெண்கள் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். கீழே இன்னும் இரண்டு வரி எழுதினேன். வச்சிரவீரனை நிறுத்துங்கள், அவனைப் போட்ட பையனை நிறுத்தாதீர்கள்; வாயுகுமாரி பேசுகிற பேச்செல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது, சந்தேகமிருந்தால் அன்வர் பாட்சாவையே கேளுங்கள் என்று எழுதினேன். கதை இன்னார், படம் இன்னார் என்று இரண்டு பெயரும் போட்டால் எங்கள் தெருவில் பத்திரிகைக்கு இன்னும் கிராக்கி கூடும் என்றும் சேர்த்தேன். பெரியவர் என்ன நினைப்பாரோ. ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு வாயா என்று நினைத்தால் நினைக்கட்டும்.

நீ கோபித்துக்கொள்வாய். எனக்குத் தெரியும். அன்வர் பாட்சா கோபிக்கமாட்டான் என்று நினைக்கிறேன். அவன் போடுகிற வாயுகுமாரியின் முகத்தைப் பார்த்தாலே அவன் குணம் தெரிகிறது. அவனுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல். ரோஷன் பீவி ஆட்டைப் போட்டதற்கு வாடகை கேட்கிறாள் என்றும் சொல்.

ரங்கன் இப்போது பட்டாள ரயில்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். போகிற வண்டியில் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறார்களாம். வருகிற வண்டியைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

எனக்குப் பதில் எழுதவேண்டாம். கோபத்தைக் கடுதாசியில் எழுதினால் பாதிதான் வரும். நேரில் வந்து சண்டை போடு. பட்டாளத்து ஆபீசில் கையெழுத்துப் போடுவதென்று முடிவு செய்திருந்தாலும், முதலில் இங்கே வந்து என்னை ஆசைதீர வைதுவிட்டு அப்புறம் போ. எந்த வண்டியில் வந்தாலும் ஸ்டேஷனிலிருந்து நம் வீடு கூப்பிடு தூரம்தான். அன்வரையும் கூட்டிக்கொண்டு வா. அவன் வரையட்டும். நீ நூறு வயசுக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இரு, சாமி.

உன் அம்மாயி
அத்தாயி